தப்புக்குள் இருக்கும் கணக்கு

ஓணப் பரீட்சைத் தாள் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் திருவனந்தபுரம் வலியசாலையில் கணக்கு டியூஷனுக்கு ஆள் தேடத் தொடங்குகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது யாருக்கும் அந்த நினைப்பே இருப்பதில்லை. தாளில் நாற்பதுக்குப் பதினொன்று என்று பார்த்ததும் அம்மா கோயில் வாசலில் நாலு பேரிடம் விசாரிக்கிறாள், அப்பா ரெசிடென்ஸ் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் போடுகிறார். அன்று சாயங்காலமே என் வீட்டு மணி அடிக்கும்.

நான் எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள். பி.எட். முடித்து, கல்யாணமாகி அக்ரஹாரத்துக்கு வந்த நாளிலிருந்து ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் வகுப்பு எடுப்பதில்லை. இந்த நாலு வகுப்புகளிலேயே ஒரு ஆயுளுக்கான வேலை இருக்கிறது என்று எண்ணுகிறவள் நான். அக்ரஹாரத்துப் பிள்ளைகளுக்கு நான் மாமி. சாலைக் கடைத்தெருவிலிருந்தும் கிள்ளிப்பாலத்திலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு டீச்சர்.

வருகிற பெற்றோர் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபீஸ் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை நாள், ஹோம்வொர்க்கை நீங்களே முடிக்க வைத்துவிடுவீர்களா, கிறிஸ்துமஸ் பரீட்சைக்குள் மார்க் ஏறுமா. இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லலாம். ஆனால் ஒரு டியூஷன் டீச்சரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “என் பிள்ளை தப்பாகப் போட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” இந்தக் கேள்வியை அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள். “சரியாகப் போட்டுக் காட்டுவேன்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள். “எப்படிப் போட்டாய் என்று கேட்பேன்” என்று பதில் வந்தால் அங்கே உட்கார்ந்து மற்ற விஷயங்களைப் பேசுங்கள்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை சும்மா தப்பாகப் போடுவதில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் போய்த்தான் அந்த விடைக்கு வந்திருக்கிறது. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் பாதிப் பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். முட்டாள்தனம் என்று தலையில் குட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை தினமும் பார்ப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு டெஸ்டில் 20க்கு 15, இன்னொன்றில் 25க்கு 18. பள்ளியில் அதைக் கூட்டி 45க்கு 33 என்று பிராக்ரஸ் கார்டில் எழுதித் தருகிறார்கள். மேலே மேலேயோடு, கீழே கீழேயோடு. மார்க்குக்கு அது சரிதான். பிள்ளை கற்றுக்கொண்டதைத்தான் செய்திருக்கிறது. மார்க்குக்குப் பொருந்துவது ஒரு சப்பாத்தியின் பங்குக்குப் பொருந்தாது என்பதை அதற்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நான் அப்போது திருத்துவதில்லை. “ஐந்தில் இரண்டு பெரிசா, பாதி பெரிசா?” என்று கேட்பேன். ஒரு காகிதப் பட்டையை மடித்துப் பார்ப்பார்கள். பாதிதான் பெரிது. “அப்போ பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், பாதியைவிடக் குறைஞ்சு போச்சே?” அந்த இடத்தில் பிள்ளையின் முகம் மாறும். அதற்குப் பிறகு ஒரே பகுதிக்குக் கொண்டுவருவது எதற்கு என்று விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. அதுவே கேட்கும்.

முதல் நாள் என் வீட்டில் பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை. ஏழெட்டுக் கேள்விகள் ஒரு தாளில் இருக்கும். 305இலிருந்து 148ஐக் கழி. 612ஐ ஆறால் வகு. 0.6, 0.45 இரண்டில் எது பெரிது? ஒரு ஜீப்பில் எட்டுப் பேர் ஏறலாம், 45 பேர் பொன்முடிக்குப் போக எத்தனை ஜீப் வேண்டும்? பிறகு இது: 8 + 4 = ☐ + 5.

இந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்துப் பெற்றோர் சிரிப்பார்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கிறாரே என்று. பிள்ளை கட்டத்துக்குள் 12 என்று எழுதும். சில பிள்ளைகள் எல்லாவற்றையும் கூட்டி 17 என்று எழுதும். சரியான விடை 7. இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதில்லை. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றுதான் எழுதினார்கள். சமக்குறி என்றால் ‘இந்தா விடை வருகிறது’ என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகியிருக்கிறார்கள். அதன் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பது மனதில் பதியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஏழாம் வகுப்பில் 3x + 5 = 20 என்று கொடுத்து, “ஐந்தை அந்தப் பக்கம் கொண்டு போ, மைனஸ் ஆகிவிடும்” என்று சொல்லிக்கொடுத்தால் அது ஒரு மந்திரத்தைத்தான் கற்றுக்கொள்ளும். பரீட்சை அறையில் மந்திரம் மறந்துபோகும்.

ஜீப் கணக்கில் நிறையப் பேர் ‘5, மீதி 5’ என்று எழுதுவார்கள். வகுத்தல் சரி. மீதி ஐந்து பேரும் ரோட்டில் நிற்கிறார்கள் என்பது தோன்றவில்லை. 612க்கு விடை 12 என்று எழுதுகிற பிள்ளைகள் இன்னும் அதிகம். “எல்லாம் தெரியறது மாமி, கேர்லெஸ் மிஸ்டேக்தான்” என்று அம்மா சொல்வாள். நான் பழைய நோட்டை வாங்கிப் பத்துப் பக்கம் புரட்டுவேன். 832ஐ நாலால் வகுத்தால் 28. 1545ஐ ஐந்தால் வகுத்தால் 39. ஒவ்வொரு முறையும் ஈவில் நடுவே வரவேண்டிய பூஜ்யம் மட்டும் காணாமல் போயிருக்கும். கவனக்குறைவு என்றால் அது கண்ட இடத்தில் எல்லாம் வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பிள்ளைக்கு இடமதிப்பு பிடிபடவில்லை என்று அர்த்தம். மூன்றாம் வகுப்பில் விட்ட இழை அது.

நாட்டுக் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் ஆய்வில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்வார்கள். 2024 அறிக்கையிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் அது வந்தது. அந்த எண்ணைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வேதனைதான். எட்டாம் வகுப்புவரை யாரும் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வகுத்தலை முழுக்கப் பார்க்கவில்லை என்றுதானே பொருள்?

என் வகுப்பில் ரப்பர் கிடையாது. தப்பை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. ரஃப் வொர்க் தனித்தாளில் போட்டுக் கசக்கி எறியக் கூடாது, அதே பக்கத்தில் ஓரத்தில் இருக்க வேண்டும். நோட்டு அசிங்கமாக இருக்கிறது என்று சில வீடுகளில் குறைப்படுகிறார்கள். இருக்கட்டும். அழிக்கப்பட்ட தப்பு எனக்கு எதையும் சொல்லாது. சுத்தமான நோட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர், பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்துவிட்டுத் தங்களுடையதை அழிப்பதில் கைதேர்ந்தவர்கள். அந்த ரப்பரைப் பிடுங்கி வைத்தபிறகு முதல் ஒரு வாரம் அழுவார்கள். அதன் பிறகு தைரியம் வந்துவிடும்.

சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் காய்கறிக் கடை. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். ராஜா கேசவதாசர் திவானாக இருந்த காலத்தில் எழும்பிய கடைவீதி அது. இன்றைக்கும் அங்கே தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் கலந்து பேசித்தான் வியாபாரம் நடக்கிறது. ஆ. மாதவன் அங்கேதான் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு கதைகள் எழுதினார். பையன் ஏழாம் வகுப்பு, ஆங்கில மீடியம். “கணக்கு மட்டும் ஏறவே மாட்டேங்கு டீச்சர்” என்றார் அப்பா. பையன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

64ஐ 0.35ஆல் பெருக்கச் சொன்னேன். எழுதினான். 64 ஐந்து 320. 64 மூன்று 192. இரண்டாவது வரியை ஓர் இடம் தள்ளாமல் நேராகக் கூட்டி 512, புள்ளி வைத்து 5.12. அந்த விடையில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

“கேரட் கிலோ 64 ரூபாய். 350 கிராம் கேட்டா எவ்வளவு வாங்குவே?”

கூரையைக்கூடப் பார்க்கவில்லை. “இருபத்திரண்டு ரூபா நாப்பது காசு. இருபத்திரண்டு வாங்குவோம்.”

“எப்படி?”

“கால் கிலோ பதினாறு. நூறு கிராம் ஆறு நாப்பது. ரெண்டையும் சேத்தா ஆச்சு.”

அவன் எழுதிய 5.12ஐக் காட்டினேன். “இதுவும் அதே கணக்குதான். ஐந்து ரூபாய் பன்னிரண்டு காசுக்குக் குடுப்பியா?”

“அப்பா கொன்னுருவாரு” என்றான். முதல் தடவையாகச் சிரித்தான்.

அவன் கடையில் செய்தது உயர்ந்த கணக்கு. 0.35ஐ 0.25 என்றும் 0.10 என்றும் பிரித்து, இரண்டையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டியிருக்கிறான். எட்டாம் வகுப்பில் அடைப்புக்குறி போட்டுச் சொல்லித்தரப் போகும் விதி அதுதான். அதை அவன் வாயால் சொன்னபடியே எழுதச் சொன்னேன். அப்படி எழுதலாமா என்று கேட்டான். ‘ஸ்டெப்’ என்றால் புத்தகத்தில் உள்ளது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். எழுதலாம் என்று தெரிந்தபிறகு, இரண்டாவது வரியை ஏன் ஓர் இடம் தள்ளுகிறோம் என்பதையும் அந்தக் கால் கிலோ, நூறு கிராமிலிருந்தே அவனால் பிடிக்க முடிந்தது. முப்பதால் பெருக்குவதை மூன்றால் பெருக்குவதாக எழுதிவிட்டோம் என்று அவனே கண்டுசொன்னான்.

இதை உலகம் ஆராய்ந்து பார்த்திருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த பிள்ளைகளை வைத்து 1985இல் வந்த ஆய்வு பெயர்பெற்றது. 2025இல் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் கடையில் நிற்கும் பிள்ளைகளிடம் சாமான் வாங்கிப் பார்த்து, ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கடையில் சரியாகச் சொல்கிற பிள்ளைகளே பள்ளிக் கணக்காக எழுதிக்கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் தானாக வருவதில்லை. அந்தப் பாலத்தைப் போடுகிறவர்தான் டியூஷன் டீச்சர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சாலைக் கடைத்தெருவில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள், படிப்பு கெடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் நிற்பது நல்லதுதான். அங்கே செய்த கணக்கில் நாலைந்தைச் சாயங்காலம் நோட்டில் எழுத வைக்க ஒரு ஆள் வேண்டும்.

அக்ரஹாரத்துப் பிள்ளைகளின் சிக்கல் வேறு விதம். தாத்தா ஏஜீஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அப்பா பாங்க், சித்தப்பா அமெரிக்காவில். “நம்மாத்துல கணக்கு வராதவா யாருமே கிடையாது” என்று பிள்ளையின் காதுபடச் சொல்வார்கள். போதாக்குறைக்குத் தெருவின் பழம்பெருமையும் சேர்ந்துகொள்ளும். ஆய் அரசன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டு வாக்கில் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு உண்டும் உறைந்தும் படிக்க ஒரு சாலை ஏற்படுத்தியபோது, காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கையே முன்மாதிரியாக வைத்ததாகச் செப்பேடு சொல்கிறது. அந்தக் காந்தளூர் வலியசாலைதான் என்பது இங்கே எல்லாருக்கும் பெருமை. விழிஞ்ஞம் பக்கம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எங்கே இருந்தாலும் ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துப் பழைய சாலையை ஒரு ஆறாம் வகுப்புப் பெண்ணின் தலையில் ஏற்றி வைப்பது நியாயமில்லை. அவளுக்கு அன்றைக்கு வேண்டியது தசமப் புள்ளி.

இந்தத் தாத்தாக்கள் பிரியத்தோடுதான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் குறுக்குவழியில் தொடங்கிவிடுகிறார்கள். பின்னம் என்றால் உடனே ‘கிராஸ் மல்டிப்ளை’. பிள்ளையும் கூட்டலுக்கு, கழித்தலுக்கு, பெருக்கலுக்கு எல்லாம் குறுக்கே பெருக்கிக்கொண்டே போகும். வாய்பாடு விஷயத்தில் மட்டும் நான் தாத்தாக்கள் பக்கம். வாய்பாடு மனப்பாடமாக இருந்தே ஆக வேண்டும். அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் காலும் அரைக்காலும் மாகாணியும் தாண்டி, 320இல் ஒன்றான முந்திரிவரை பின்னத்துக்கே வாய்பாடு சொன்னார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் வராத பிள்ளைக்கு, எட்டையும் ஏழையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவரும்போது மூச்சு முழுக்க அங்கேயே செலவாகிவிடும். மனப்பாடம் பழைய பாணி என்று ஒதுக்குகிற டியூஷன் டீச்சரிடமும், மனப்பாடம் மட்டுமே போதும் என்கிறவரிடமும் பிள்ளையை விட வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஒரு பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், புத்தகத்தை ஆங்கிலத்தில் படிக்கும், வகுப்பில் டீச்சர் மலையாளத்தில் விளக்குவதைக் கேட்கும். மீச்சிறு பொது மடங்கைப் பள்ளியில் எல்.சி.எம். என்றும் லசாகு என்றும் கேட்டுவிட்டு வரும். எந்தப் பெயரானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் யோசிக்கும்போது எந்த மொழியில் முணுமுணுக்கிறது என்று பார்ப்பேன். எந்த மொழியில் வாய்பாடு சொல்கிறதோ அந்த மொழியில்தான் பெரும்பாலும் கணக்கும் போடும். அந்த மொழி தெரிந்த டீச்சர் பிள்ளைக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று கட்டளை போடும் வீடுகளில், ஆங்கிலத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

பாடத்திட்டமும் தெரிந்திருக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து மாநிலப் பாடத்துக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுகிற பிள்ளைகள் இந்த வயதில்தான் அதிகம். சி.பி.எஸ்.இ.யில் குறை எண்கள் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடும். கேரளப் பாடநூலில், 2025இல் மாறுவதற்கு முன்பிருந்த புத்தகத்தில், எட்டாம் வகுப்பின் இரண்டாம் பாகத்தில்தான் அது தனிப்பாடமாக இருந்தது. ஏழாம் வகுப்பில் மாநிலப் பள்ளியிலிருந்து மாறிய பிள்ளை மைனஸைப் பார்த்து விழித்தால் அதற்கு அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. யாரும் அதற்கு இன்னும் சொல்லித்தரவில்லை. இரண்டு பக்கமும் புத்தகங்கள் 2024, 2025இல் புதிதாகிவிட்டன. பழைய கைடை வைத்து நடத்துகிறவரா, புதுப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாரா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

ஆள் எங்கே கிடைப்பார்? வகுப்பு டீச்சரிடமே மெதுவாகக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. கேட்காதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், வகுப்பில் நடத்த வேண்டியதை வீட்டில் காசுக்கு நடத்தினால், டியூஷனுக்கு வர முடியாத பிள்ளைகளின் கதி என்ன? பெரிய கோச்சிங் சென்டர்களும் இந்த வயதுக்கு இல்லை. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 2024 ஜனவரியில் வழிகாட்டுதலே வெளியிட்டது. மீதி இருப்பவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வேலைக்குக் காத்திருக்கும் பி.எட். பட்டதாரிகள், என்னைப் போல் வீட்டில் இருப்பவர்கள். கேரளத்தில் வேலை கிடைக்காத பட்டதாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பாரலல் காலேஜ்களில் பாடம் நடத்தியே பிழைத்திருக்கிறார்கள். அந்தப் பாரம்பரியத்தில் வந்த மிக நல்ல டீச்சர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். பெரிய பட்டத்தைப் பார்த்து ஆளை எடுக்க வேண்டாம். பொறியியல் படித்த பிள்ளைகள் கணக்கைச் சட்டென்று போடுவார்கள். தனக்குச் சட்டென்று வருவது இன்னொரு தலைக்கு ஏன் வரவில்லை என்று பொறுமையாகப் பார்க்க அது மட்டும் போதாது.

இணையத்தில் வரும் பாட வீடியோவை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. கான் அகாடமி தொடங்கிய கதையே ஒரு நடுநிலைப் பள்ளி டியூஷன்தான். 2004இல், பின்னாளில் அதை நிறுவிய சல்மான் கான் தன் உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தொலைபேசியில் கணக்கு சொல்லித்தரத் தொடங்கினார். அவள் மாட்டிக்கொண்டிருந்தது அலகு மாற்றத்தில், நம் கிலோ, கிராம் மாதிரி ஒரு விஷயத்தில். அந்த ஒரு முடிச்சு அவிழாததால் பள்ளியில் மெதுவான வகுப்பில் போடப்பட்டிருந்தாள். முடிச்சு அவிழ்ந்ததும் மற்றதெல்லாம் ஓடியது. வீடியோக்கள் அதற்குப் பிறகு வந்தவை. முதலில் மறுமுனையில் அவள் சொல்வதைக் கேட்க ஒரு காது இருந்தது. வீடியோ சொல்லும், கேட்காது.

தனியாக ஒரே பிள்ளைக்கு நடத்தினால்தான் நல்லது என்பது பெற்றோரின் நம்பிக்கை. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984இல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரம். பின்னால் வந்த ஆய்வுகளில் அவர் சொன்ன அளவுக்குப் பலன் தெரியவில்லை. என் அனுபவத்தில் மூன்று நாலு பேர் ஒன்றாக உட்கார்வது இன்னும் நன்றாக நடக்கிறது. ஒருவன் தப்பை இன்னொருத்தி விளக்கும்போது இருவருக்கும் தெளிகிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் இது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்த முறையைத் தன் பள்ளியில் கையாண்டு, 1797இல் புத்தகமாகவும் எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. என் வீட்டில் எட்டாம் வகுப்புப் பெண்ணை ஆறாம் வகுப்புப் பையனின் பக்கத்தில் உட்கார வைப்பேன். அவளுக்குப் பின்னம் உண்மையில் புரிந்ததா என்று எனக்குக் காட்டிக்கொடுக்கிற பரீட்சை அதுதான். பத்துப் பேருக்கு மேல் உட்கார வைக்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். அது இன்னொரு பள்ளிக்கூடம்.

2024-25 முதல் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் எடுக்க வேண்டும் என்று கேரள அரசு கொண்டுவந்திருக்கிறது. எடுக்காத பிள்ளைகளுக்கு ஏப்ரலில் கூடுதல் வகுப்பும் மறுதேர்வும். அதன் பிறகு பெற்றோர் இன்னும் பதற்றமாக வருகிறார்கள். பதற்றத்தில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது கசப்பாகத்தான் இருக்கும்: முதல் ஒன்றரை மாதம் பள்ளிப் பாடத்தை நான் தொட மாட்டேன். பிள்ளைக்கு எது நிச்சயமாகத் தெரியுமோ அந்தப் படிவரை கீழே இறங்கி, அங்கிருந்து ஏறி வருவேன். எட்டாம் வகுப்புப் பையன் நாலாம் வகுப்பு வகுத்தலைச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு அழைத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க முடியாது. இருந்தவர்களுக்கு அந்த இறக்கம் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுத் தலைக்கு எட்டு வயதுப் பாடம் வேகமாக ஏறும்.

முடிவு தேதியையும் முதல் நாளே பேசிவிடுவேன். டியூஷன் ஒரு நாள் நிற்க வேண்டும். பிள்ளை தன் விடையைத் தானே சோதிக்கத் தொடங்கியதும் அதன் காலம் வந்துவிட்டது. பெருக்கி முடித்துவிட்டு, “இவ்வளவு பெரிசா வராதே” என்று தானாகச் சொல்கிறதா, வகுத்த விடையை மறுபடி பெருக்கிப் பார்க்கிறதா என்று கவனிப்பேன். அது இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

போன வருஷம் கரமனையிலிருந்து வந்த ஒரு ஏழாம் வகுப்புப் பெண் அப்படித்தான் நின்றாள். கடையில் 20 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் 10 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கணக்கு. 30 என்று எழுதி, தானே அடித்து, நூறு ரூபாயை வைத்துப் போட்டுப் பார்த்து 28 என்று எழுதினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே அம்மாவை வரச் சொன்னேன். பத்தாம் வகுப்புவரை இங்கேயே இருக்கட்டும் என்று அந்த அம்மா வாதாடினாள். நிறுத்தினால் மறுபடி விழுந்துவிடுவாள் என்று பயம். இனி மாதம் ஒரு சனிக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து காட்டினால் போதும், அதற்குக் காசு வேண்டாம் என்றேன். அந்த அம்மாவுக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான். பெண் இரண்டு சனிக்கிழமை வந்தாள், மூன்றாவது மாதம் ஃபோனில் ஒரு சந்தேகம் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது கிள்ளிப்பாலத்திலிருந்து ஒரு ஆறாம் வகுப்புப் பையன் உட்காருகிறான். 0.6ஐவிட 0.45 பெரிது என்கிறான், 6ஐவிட 45 பெரிதாம். பெட்ரோல் பங்கில் ஓடும் எண்ணைப் பார்த்துவிட்டு வரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.